கம்ப்யூட்டரை அழித்து ஏற்றும் முன் கணக்கை எடுத்து வையுங்கள்

1-7-2017 அன்று ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்தபோது நம் வணிகர்கள் பலர் அவசர அவசரமாகக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். சிலர் புதிது வாங்கினார்கள். பலர் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப் போட்ட பழைய பெட்டியை நாகர்கோவிலில் வாங்கி வந்து கல்லாப் பக்கத்தில் வைத்தார்கள். இன்னும் சிலர் பிள்ளைகள் படிப்புக்கு வாங்கிய வீட்டுக் கம்ப்யூட்டரையே இரவில் கணக்கு எழுதப் பயன்படுத்தினார்கள். அந்தப் பெட்டிகள்தாம் இப்போது படுத்துகின்றன. காலையில் பொத்தானை அமுக்கிவிட்டு, வாசல் தெளித்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றி, ஒரு டீயும் குடித்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பில்லுக்கு ஆள் நிற்கிறது.

இதற்கு எல்லாரும் சொல்லும் ஒரே மருந்து "பார்மட் அடித்துவிடலாம்" என்பது. அதாவது உள்ளே இருப்பதை அழித்துவிட்டு விண்டோஸை முதலிலிருந்து ஏற்றுவது. சில பெட்டிகளுக்கு அது தேவைதான். பெரும்பாலான பெட்டிகளுக்கு அது இல்லாமலே வேகம் கொடுக்க முடியும். எப்படியானாலும், பெட்டியைத் தொழில்நுட்பக்காரரிடம் தூக்கிக் கொடுப்பதற்கு முன் நாம் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதை வேறு யாரும் நமக்காகச் செய்ய மாட்டார்கள்.

நாம் அறிந்த வணிகர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறோம். கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று பழுது பார்ப்பவரிடம் கொடுத்தார். "முக்கியமானதை எல்லாம் எடுத்து வைத்துவிட்டுத்தானே செய்வீர்கள்?" என்று கேட்டார். "ஆமாம்" என்றார் அவர். பொய் சொல்லவில்லை. திரையில் தெரிந்த பைல்களையும் டாக்குமெண்ட்ஸ் போல்டரையும் படங்களையும் ஒழுங்காக எடுத்து வைத்திருந்தார். டேலி கணக்கு அந்த இரண்டு இடத்திலும் இல்லை, சி டிரைவில் வேறு ஒரு போல்டருக்குள் இருந்தது. பேரக்குழந்தையின் பிறந்தநாள் படங்கள் அத்தனையும் பத்திரமாகத் திரும்பி வந்தன. மூன்று வருடப் பேரேடு வரவில்லை.

"ஜி.எஸ்.டி. இணையதளத்தில் எல்லாம் இருக்குமே" என்று அவருக்குப் பலர் ஆறுதல் சொன்னார்கள். இதை நாம் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நம்மில் பலருக்கும் இந்த நம்பிக்கை இருக்கிறது. நாம் தாக்கல் செய்த ரிட்டர்ன்கள் இணையதளத்தில் இருக்கும், உண்மை. ஜி.எஸ்.டி. எண் உள்ள கடைகளுக்கு நாம் போட்ட பில்கள் ஒவ்வொன்றாக ஜி.எஸ்.டி.ஆர்.-1இல் கிடைக்கும். நமக்குச் சரக்கு அனுப்பியவர்கள் பதிவு செய்த பில்கள் 2-பி அறிக்கையில் கிடைக்கும். ஆனால் ஜி.எஸ்.டி. எண் இல்லாத சில்லறை வாடிக்கையாளருக்கு விற்றது, பெரிய தொகைக்கு வெளி மாநிலம் போன பில் தவிர, வரி விகித வாரியாகக் கூட்டுத் தொகையாகத்தான் இருக்கும். யார் எவ்வளவு பணம் கொடுத்தார், யார் பேரில் எவ்வளவு பாக்கி, கிட்டங்கியில் எத்தனை மூட்டை இருப்பு என்பதெல்லாம் அரசாங்கத்துக்கு நாம் கொடுக்கும் விவரமே அல்ல. அது நம் பெட்டியில் மட்டும்தான் இருக்கிறது.

அந்த வணிகர் முதலில் தமக்குச் சரக்கு அனுப்பும் மொத்தக் கடைகளுக்குக் கடிதம் எழுதிக் கணக்கு நகல் கேட்டார். உடனே வந்துவிட்டது. தமக்கு வர வேண்டிய பணம் எவ்வளவு என்பதை, கொடுக்க வேண்டியவரிடமே போய், "அண்ணாச்சி, உங்க பாக்கி எவ்வளவுன்னு நீங்களே சொல்லுங்க" என்று கேட்க வேண்டியதாயிற்று. நேர்மையாகச் சொன்னவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மற்றவர்களிடம் வாதாடக் கையில் ஒரு சிட்டைகூட இல்லை. இத்தோடு, ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி கணக்குப் புத்தகங்களை அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் அழிந்துவிட்டது என்பது அதிகாரி முன் எடுபடும் பதில் அல்ல.

ஏன் மெதுவாகிறது?

நம் தொழிலை வைத்தே சொல்லிவிடலாம். பிராசஸர் என்பது கணக்கப்பிள்ளை. ராம் என்பது அவர் முன்னால் உள்ள மேசை. ஹார்ட் டிஸ்க் என்பது பின்னால் உள்ள கிட்டங்கி. மேசை சின்னதாக இருந்தால் கணக்கப்பிள்ளை ஒவ்வொரு சிட்டைக்கும் எழுந்து கிட்டங்கிக்கு ஓட வேண்டும். கிட்டங்கி நிறைந்து வழிந்தால் போன இடத்தில் தேட வேண்டும். பெட்டி மெதுவாக இருக்கிறது என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த ஓட்டத்தைத்தான். கணக்கப்பிள்ளையின் பேரில் தவறு இருப்பது குறைவு.

எது குறை என்று பார்க்கக் காசு கொடுக்க வேண்டியதில்லை. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அமுக்கினால் டாஸ்க் மேனேஜர் என்ற பெட்டி திறக்கும். அதில் பெர்பார்மன்ஸ் என்ற பக்கத்தில் சி.பி.யு., மெமரி, டிஸ்க் என்று மூன்று அளவுகள் ஓடிக்கொண்டிருக்கும். வழக்கம்போல் டேலியையும் இணையதளத்தையும் திறந்து வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால் ஹார்ட் டிஸ்க்தான் தடை. மெமரி 90ஐத் தாண்டி நின்றால் ராம் போதவில்லை. எதையுமே திறக்காமல் சி.பி.யு. உச்சியில் நின்றால் ஏதோ வேண்டாத புரோகிராம் உள்ளே ஓடுகிறது, வைரஸாகவும் இருக்கலாம். அதே டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் என்ற பக்கம் உண்டு. பெட்டி திறந்தவுடன் தாமாகக் கிளம்பும் புரோகிராம்களின் பட்டியல் அது. நமக்குத் தெரிந்த, தேவையில்லாதவற்றை அங்கே டிஸேபிள் செய்துவிடலாம். வைரஸ் தடுப்பு ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒன்றை நீக்குங்கள். இரண்டு காவல்காரர்கள் ஒருவரை ஒருவர் சோதித்துக்கொண்டிருந்தால் கதவு திறக்காது. விண்டோஸ் 10உடன் வரும் டிபெண்டரே சிறு கடைக்குப் போதும். "உங்கள் கம்ப்யூட்டரைப் பத்து மடங்கு வேகமாக்குகிறோம்" என்று இணையத்தில் வரும் விளம்பரங்களைத் தொடவே வேண்டாம்.

ஒரு சின்னச் செய்தி, பலருக்குத் தெரியாதது. விண்டோஸ் 10இல் ஷட் டவுன் கொடுத்தால் பெட்டி முழுதாக இளைப்பாறுவதில்லை. மறுநாள் சீக்கிரம் திறக்க வேண்டும் என்று ஒரு பகுதியை அப்படியே எழுதி வைத்துக்கொண்டு தூங்குகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். வாரம் இரண்டு தடவை ரீஸ்டார்ட் கொடுப்பது நல்லது.

அடுத்தது தூசி. மயிலாடியில் சிற்பக் கூடங்கள் நிறைந்த தெருக்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உளியோடு நின்ற காலம் போய் மின்சார இயந்திரம் வந்த பிறகு கல்தூசி நான்கு கடை தள்ளியும் படிகிறது. கல்தூசி இல்லாத ஊரிலும் நம் கடையில் மாவும் மிளகாய்ப் பொடியும் தவிடும் பறக்கத்தான் செய்கின்றன. இவை எல்லாம் பெட்டியின் விசிறியில் சேர்ந்து பஞ்சுபோல் அடைத்துக்கொள்ளும். சூடு ஏறினால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மதியத்துக்கு மேல் மட்டும் பெட்டி மெதுவாகிறது என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மூடியைத் திறந்து, ஊதுகுழாய் இயந்திரத்தால் தூசி தட்ட வேண்டும். விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் அது கண்டபடி சுற்றக் கூடாது. கடற்காற்று படும் ஊர்களில் ராம் பலகையின் செம்புப் பற்கள் கறுத்துப் போவதும் உண்டு. பழுது பார்ப்பவர்கள் பள்ளிக்கூட அழி ரப்பரால் தேய்த்தே அதைச் சரி செய்வார்கள்.

பார்மட் செய்யாமலே வேகம்

பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள பெட்டிக்குச் செய்யும் செலவுகளில் எஸ்.எஸ்.டி. மாற்றுவதுதான் சிறந்தது என்பது நம் கருத்து. ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே தட்டு நிமிடத்துக்கு 7,200 தடவை சுற்றுகிறது, லேப்டாப்பில் பெரும்பாலும் 5,400. ஒரு முள் அதன்மேல் நகர்ந்து நகர்ந்து படிக்கிறது. அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன விவரங்களை அதனால் வினாடிக்கு நூறு தடவை அளவில்தான் தேடி எடுக்க முடியும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. ஆயிரக்கணக்கில் எடுக்கும். பத்து நிமிடம் எடுத்த பெட்டி ஒரு நிமிடத்துக்குள் திறப்பது இதனால்தான்.

இதில் வணிகருக்கு முக்கியமான வசதி ஒன்று உண்டு. பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே புதியதற்குப் பிரதி எடுக்கலாம். குளோனிங் என்பார்கள். விண்டோஸ், டேலி, பிரிண்டர், தமிழ் எழுத்து எல்லாம் இருந்தபடியே வந்துவிடும். பழைய டிஸ்க் அழியாமல் நம் கையில் இருக்கும். ஆகவே பழுது பார்ப்பவர் "புது டிஸ்க் போட்டுப் புதிதாக விண்டோஸ் ஏற்றிவிடலாம்" என்றால், வைரஸ் தொல்லை இல்லாத பட்சத்தில், "முதலில் குளோன் செய்து பாருங்கள்" என்று கேளுங்கள். பழைய டிஸ்க்கில் டக் டக்கென்று சத்தம் வந்தால் வேறு எதையும் செய்யாமல், வேகம் கூட்டும் சோதனை எதுவும் ஓட்டாமல், கணக்கைப் பிரதி எடுப்பதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

ராம் 4 ஜிபி இருந்தால் 8 ஆக்கலாம். விண்டோஸ் 32 பிட் ஆக இருந்தால் 4க்கு மேல் போட்டுப் பயனில்லை, அதை முதலில் பாருங்கள். ராமில் பல வகை உண்டு, ஒன்றுக்கு மற்றது பொருந்தாது. பழைய பலகையைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டு போவதே நல்லது. இவற்றின் விலை அடிக்கடி ஏறி இறங்குகிறது. நம் சரக்கைப் போலவே இரண்டு கடையில் கேட்டு வாங்குங்கள்.

பார்மட் செய்தே ஆக வேண்டும் என்றால்

வைரஸ் புகுந்துவிட்டது, விண்டோஸ் பைல்கள் கெட்டுவிட்டன என்றால் வேறு வழியில்லை. நாளை முதலில் தேர்ந்தெடுங்கள். மாதம் 11ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-1, 20ஆம் தேதி 3-பி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் 13ஆம் 22ஆம் தேதிகள். இவற்றுக்கு முந்தைய வாரத்தில் பெட்டியில் கை வைக்க வேண்டாம். நம் பக்கத்தில் ஓண வியாபாரத்தையும் பொங்கலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்டி வரும்வரை கையால் எழுதும் பில் புத்தகம் ஒன்று தனி வரிசை எண்ணில் இருக்கட்டும். தொடர் எண் சரியாக இருந்தால் தனி வரிசை வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது.

கணக்கை இரண்டு விதமாக எடுக்க வேண்டும். டேலியிலேயே பேக்கப் என்ற வசதி உண்டு, அதன்படி ஒன்று. கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையில் டேட்டா பாத் என்று ஓர் இடம் காட்டுமே, அந்தப் போல்டரை முழுதாகப் பிரதி எடுப்பது இரண்டாவது. வேறு பில்லிங் புரோகிராம் வைத்திருப்பவர்கள், கணக்கு எங்கே சேமிக்கப்படுகிறது என்று விற்றவரிடம் கேட்டுத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு பிரதியும் ஒரே பென் டிரைவில் இருந்தால் அது ஒன்றுதான். டி டிரைவில் போட்டுவிட்டேன் என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். சியும் டியும் பெரும்பாலும் ஒரே டிஸ்க்கின் இரண்டு அறைகள். விண்டோஸ் ஏற்றும்போது கை தவறி வேறு வரியைத் தேர்ந்தெடுத்தால் டியும் போய்விடும்.

எடுத்த பிரதியை மகன் வீட்டிலோ ஆடிட்டர் அலுவலகத்திலோ வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். நேற்றைய தேதி கையிருப்பும், பெரிய பாக்கிக்காரர் நான்கு பேரின் நிலுவையும் சரியாக வருகின்றனவா என்று ஒத்துப் பார்த்த பிறகே பெட்டியைக் கொடுக்க வேண்டும். அத்தோடு பற்று வரவு நிலுவைப் பட்டியலை அன்றைய தேதியிட்டுத் தாளில் அச்சடித்து இரும்புப் பெட்டியில் வைத்துவிடுங்கள். செலவு பத்துப் பதினைந்து தாள்.

கணக்கு தவிர வேறு சிலவும் உண்டு. டேலியின் சீரியல் எண்ணையும் அதற்குக் கொடுத்த மின்னஞ்சல் முகவரியையும் குறித்துக்கொண்டு, லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டால் புதிதாக ஏற்றிய பின் திரும்ப வாங்குவது எளிது. ஜி.எஸ்.டி., இ-வே பில், வங்கி ஆகியவற்றின் பாஸ்வேர்டுகளைப் பிரவுசர் நினைவு வைத்திருக்கிறது, நாம் மறந்துவிட்டோம். பெட்டி அழிந்தால் அதுவும் மறந்துவிடும். பிரிண்டரின் மாடல் பெயரையும், டாட் மேட்ரிக்ஸ் வைத்திருந்தால் பில் தாளின் நீள அகல அளவையும் எழுதி வையுங்கள்.

தமிழ் எழுத்து தனிக் கதை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த விலைப் பட்டியலும் கடிதமும் புது விண்டோஸில் திறந்தால் ஆங்கில எழுத்துகளைக் கலைத்துப் போட்டதுபோல் தெரியும். பைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்கள் உண்டு. கெடவில்லை, எழுத்துருதான் இல்லை. ஆகவே பாண்ட்ஸ் போல்டரையும் பிரதி எடுங்கள். 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இனி அடிப்பதை யூனிகோடிலேயே அடித்தால் எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகத் தெரியும்.

விண்டோஸில் "ரீசெட், கீப் மை பைல்ஸ்" என்று ஒரு வழி இருக்கிறது. பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். சொந்தப் படங்களும் கடிதங்களும் தங்கும், புரோகிராம்கள் போய்விடும். நம் கணக்குப் போல்டர் பிழைக்கும் என்று நம்பி அதில் இறங்கக் கூடாது.

பணம் கொடுத்து வாங்கிய விண்டோஸ் 10 என்றால், அதே பெட்டியில் அதே வகையைத் திரும்ப ஏற்றக் கீ தேவையில்லை. இணையத்தில் சேர்த்தவுடன் தானே அடையாளம் கண்டுகொள்ளும். டிஸ்க் மாறினாலும் பாதகமில்லை, மதர்போர்டு மாறினால்தான் சிக்கல். சிலர் கிராக் செய்த விண்டோஸைச் சும்மா ஏற்றித் தருகிறார்கள். அதை ஏற்றும்போது டிபெண்டரை நிறுத்தி வைப்பது வழக்கம். 2017 மே மாதம் வானாகிரை என்ற வைரஸ் உலகெங்கும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. ஆந்திரக் காவல்துறையின் கணினிகளும் அதில் சிக்கின. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. சிக்கியவை பெரும்பாலும் திருத்தம் ஏற்றாத பெட்டிகள்.

இங்கேதான் 2017இல் வாங்கியவர்களுக்கு ஒரு கேள்வி எழுகிறது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 14-10-2025 அன்று முடிந்துவிட்டது. பதிவு செய்துகொள்ளும் தனி நபர்களுக்கு 13-10-2026 வரை பாதுகாப்புத் திருத்தம் தருவதாக 2025இல் அறிவித்தது. விண்டோஸ் 11 ஏற்ற இன்டெல் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். எட்டாம் தலைமுறை சந்தைக்கு வரத் தொடங்கியதே 2017 ஆகஸ்டில்தான். ஆகவே ஜி.எஸ்.டி. வந்த ஜூலையில் வாங்கிய இன்டெல் பெட்டி, ஓரிரு விதிவிலக்கு தவிர, அந்தப் பட்டியலில் வராது. ஐ3-7100 என்று இருந்தால் ஏழாம் தலைமுறை, ஐ5-8400 என்றால் எட்டு, ஐ5-10400 என்றால் பத்து. விதியை ஏமாற்றி 11ஐ ஏற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஏற்றியதற்குத் திருத்தங்கள் வரும் என்று மைக்ரோசாப்ட் உறுதி தரவில்லை. வங்கி வேலையும் கடைக் கணக்கும் செய்யும் பெட்டிக்கு நாம் அதைப் பரிந்துரைக்க மாட்டோம். அந்தப் பெட்டியில் எஸ்.எஸ்.டி.க்கும் ராமுக்கும் சேர்த்துப் பெரும் பணம் போடுவதற்கு முன், எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட பெட்டி என்ன விலை என்று ஒருமுறை விசாரித்துவிடுங்கள். பழைய பெட்டியில் லினக்ஸ் ஏற்றிப் பிள்ளைகள் படிப்புக்குக் கொடுக்கலாம். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்களில், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. அது நம் பல வீட்டு அலமாரியில் இன்றும் தூங்குகிறது. ஆனால் டேலி லினக்ஸில் நேரடியாக ஓடாது.

கெட்ட நேரத்தில் அழிந்தே போய்விட்டால், அந்தப் பெட்டியை அதன்பின் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள். ஹார்ட் டிஸ்க்கில் அழித்த இடத்தின் மேல் புதிது எழுதப்படாத வரை மீட்க வழி உண்டு. எஸ்.எஸ்.டி.யில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு, அழித்த இடத்தை அது தானே துடைத்துவிடும்.

பிரதி எடுத்த பென் டிரைவைக் கடையிலேயே வைக்க வேண்டாம். 30-11-2017 அன்று ஒக்கி புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் பல நாட்கள் மின்சாரம் இல்லை, தண்ணீர் புகுந்த கடைகளும் உண்டு. ஒன்று வீட்டில் இருக்கட்டும். யு.பி.எஸ். இல்லாமல் கம்ப்யூட்டரை ஓட்டாதீர்கள், பில் பதியும் நேரத்தில் மின்சாரம் போனால் கணக்குப் பைல் கெட அது ஒன்றே போதும்.

மாற்றி எடுத்த பழைய டிஸ்க்கைத் தேதி எழுதி ஒட்டி, அந்த நிதியாண்டின் ஆடிட் முடியும்வரை பீரோவில் வையுங்கள். அதன்பின் வேண்டாம் என்று தோன்றினாலும் பழைய இரும்புக்காரரிடம் அப்படியே போட வேண்டாம். நம் வாடிக்கையாளர்களின் பெயரும் பாக்கியும் போன் எண்ணும் அதில் இருக்கின்றன. தட்டில் துளை போட்டுவிட்டுப் போடுங்கள்.